மரகதம் பேர் போடாத கடன்

போர்ட் பிளேரில் மரகதத்திடம் ஜாமீன் கையெழுத்து வாங்கியவர் என்று யாராவது ஒருவரைக் காட்டினால், அந்த ஆளை மேடையேற்றி மாலையே போடலாம். அப்படி ஒருவர் கிடையாது. ஊழியர்களுக்கான ஒரு கடன் சங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கடன் பிரிவில் உட்கார்ந்து, தீவில் பாதிப் பேரின் மனுவைக் கையால் தொட்டவள் அவள். தன் பேரை மட்டும் இன்னொருவர் கடனில் போட்டதில்லை. புருஷன் சந்திரசேகரின் தம்பி வீடு கட்டுகிறேன் என்று வந்து நின்றபோதுகூட காபி கொடுத்தாள், பலகாரம் கொடுத்தாள், கையெழுத்துக் கொடுக்கவில்லை. சந்திரசேகர் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். திரியட்டும், அவர் முகம்தானே என்று விட்டுவிட்டாள்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அப்பா ஜம்புலிங்கம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, ஹேடோ துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். அந்தக் காலத்தில் ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள் சாகும்வரை ஒருவருக்கொருவர் உறவு. சாதியும் ஊரும் அப்புறம்தான். புதிதாக இறங்கியவன் வேலைக்கோ ரேஷன் கார்டுக்கோ கடனுக்கோ எழுதிக் கொடுக்கும்போது, இங்கே உன்னைத் தெரிந்தவர் யார் என்று ஒரு கேள்வி வரும். குவார்ட்டர்ஸ் கிடைத்து நிலைத்துவிட்ட ஒருவர் பேரை அதில் போட்டுவிடுவான். கேட்டுவிட்டுப் போட வேண்டும் என்றுகூட இல்லை. போட்டதே மரியாதை என்று இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளும். ஜம்புலிங்கத்தின் பேர் அப்படி எத்தனை காகிதத்தில் ஏறியது என்று அவருக்கே தெரியாது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமைக்கு விலை வைத்தவன் ஐயாவு. அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவன். டீக்கடை வைக்கக் கடன் வாங்கினான், அப்பா ஜாமீன் போட்டார். தங்கச்சி கல்யாணம் என்று மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறியவன் திரும்பவே இல்லை. கடன் அப்பாவின் சம்பளத்தில் கை வைத்தது. மரகதம் பள்ளிக்கூடம் முடிக்கிறவரைக்கும் அந்த வீட்டில் மாசம் பிறந்தால் சந்தோஷமில்லை. அம்மா சொர்ணம்மாவின் வளையல் போயிற்று, அண்ணனின் படிப்பு போயிற்று. அப்பா கடைசிவரை ஐயாவுவை ஒரு வார்த்தை திட்டவில்லை, அவனுக்கு என்ன கஷ்டமோ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மரகதத்துக்கு ஐயாவு மேல் அவ்வளவு கோபமில்லை. அப்பா மேல்தான் ஆத்திரம். நல்லவர் என்று பேர் வாங்க ஆசைப்பட்டு வீட்டை அடகு வைத்த மனுஷர் என்று அவரைப் பற்றி அவர் செத்த பிறகும் சொன்னாள்.

ஆக, அவள் பேர் சுத்தமாக இருந்தது. யாருக்கும் கொடுக்காததாலேயே அதற்கு மதிப்பும் கூடிப்போயிற்று. மரகதம் மேடம் சரி என்று சொன்னால் அந்தக் கடன் சரி என்று ஜனங்கள் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதுக்கும் வரும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், உள்ளுக்குள் குளிரும். அப்பாவுக்கு இருந்த அதே பெருமைதான் அது என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது?

ஓய்வு பெற்றபின், இளைஞர்களுக்குக் கடன், வட்டி, தவணை பற்றிப் பாடம் எடுக்க ஆள் தேடியபோது அவளைத்தான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி நிலையம், நர்சிங் வகுப்பு என்று மின்னி பேயில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கிளம்பிப் போவாள். வடகோடியில் இருக்கும் திக்லிபூர் வரைக்கும் பஸ்ஸில் இடுப்பு ஒடிய உட்கார்ந்து போய்ப் பாடம் எடுத்திருக்கிறாள். கொடுத்த புத்தகத்தை ஒரு நாளும் திறந்ததில்லை. பாதி ஹிந்தி, பாதி தமிழ், நடுவில் வங்காளிப் பிள்ளைகளுக்காக நாலு வார்த்தை வங்காளம். அவள் பேச்சைக் கேட்டால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து உட்காரும்.

கடன் கெட்டது என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. "உங்க அப்பா படகு கடன்ல வந்தது. நீங்க உக்காந்திருக்கிற வீடு கடன்ல வந்தது. எதுக்கு வாங்குறோம், எதை வெச்சுத் திருப்புவோம், முடியலைன்னா யார்கிட்ட முதல்ல போய்ச் சொல்வோம், இது தெரியாம வாங்குறதுதான் கெட்டது" என்பாள். கடைசிக் கேள்விக்கு யாருமே பதில் வைத்திருக்க மாட்டார்கள். உடனே கரும்பலகையில் தன் போன் நம்பரை எழுதுவாள். யார்கிட்டயும் சொல்ல முடியலைன்னா என்கிட்டச் சொல்லுங்க என்பாள்.

பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட ஒவ்வொருவரையும் அவள் போனில் பதிந்துகொண்டாள், சங்கத்துப் பழக்கத்தில். வெறும் பேர் போட்டால் அவளுக்குத் திருப்தியாகாது. ஊர், தகப்பன், தொழில் எல்லாம் சேர்ந்தால்தான் அவளுக்கு ஓர் ஆள் ஆளாவான். அருண்பிரசாத் திக்லிபூர் பாக்குத்தோட்டம். கிரேசி ஜங்லிகாட் வியாகுலம் பொண்ணு நர்சிங். இப்படி நூற்றுக்கணக்கில் ஏறி, போனே ஒரு சங்க ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது.

பாடத்தின் உச்சம் அவளுடைய போன் வித்தைதான். பேப்பர் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், உடனே பணம் என்று விளம்பரம் செய்கிற ஒரு கடன் ஆப்பை எல்லார் கண்ணெதிரிலும் தன் போனில் இறக்குவாள். பெரிய திரையில் தெரியும். முதலில் பேர் கேட்கும், தன் பேரை அடிப்பாள். அப்புறம் உன் போனில் இருக்கிற எல்லார் நம்பரையும் பார்க்கலாமா, உன் படங்களைப் பார்க்கலாமா என்று கேட்கும். கடன் கொடுக்க வந்தவன் பீரோ சாவியை ஏன் கேக்கிறான் பாருங்க என்று சொல்லிக்கொண்டே, சம்மதம் என்கிற இடத்தில் விரலை வைத்து அழுத்துவாள். வகுப்பே மூச்சைப் பிடிக்கும்.

அழுத்தினால் என்ன ஆகும்? அந்த நாளில் ஒன்றும் ஆகாது. தீவின் இண்டர்நெட்டை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். இது முடியறதுக்குள்ள கப்பல் சென்னை போய்த் திரும்பிடும் என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் ஆப்பை அழித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவாள்.

பிறகு கடலுக்கடியில் இண்டர்நெட் கேபிள் வந்தது. ஊரே கொண்டாடியது, அவளும் கொண்டாடினாள். வட்டம் இப்போது கண்ணில் படுவதற்குள் மறைந்தது. நம்பர், படம் எல்லாவற்றுக்கும் சம்மதம் அழுத்தி, உங்கள் கடன் தயார், கையெழுத்திடுங்கள் என்கிற பக்கம் வரைக்கும் ஜம்மென்று போக முடிந்தது. அங்கே நிறுத்துவாள். இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, இங்கே கைவிரல் பட்டால்தான் நீங்கள் கடன்காரர் என்பாள். அழித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவாள். கையெழுத்துப் போடாதவரை கடன் இல்லை, கடன் இல்லாதவரை அவன் யாரோ நாம் யாரோ. முப்பது வருஷம் காகிதத்தில் கடன் கொடுத்தவளுக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, தான் சொன்னதே தன் காதில் ஏறவில்லை.

முதல் அழைப்பு மே மாதம் ஒரு காலையில் வந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. கடல் மட்டும் இரண்டு நாளாகவே நிறம் மாறிக் கிடந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏற்றி, சின்னப் படகுகளைப் போகவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மரகதம் அபர்தீன் பஜாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். போனில் ஓர் ஆண் குரல், ரொம்ப மரியாதையான ஹிந்தி. கிரேசியின் அம்மாவா என்று கேட்டான். இல்லை என்றாள். பரவாயில்லை, அவளைப் பார்த்தால் இன்று பணத்தைக் கட்டச் சொல்லுங்கள் என்றான். தவறான நம்பர் என்று நினைத்து வைத்துவிட்டாள்.

பை நிறைவதற்குள் இன்னொருவன் கூப்பிட்டான். அவனுக்கு மரியாதை கொஞ்சம் குறைவு. மூன்றாவது ஒரு பெண். அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். கிரேசி உங்களைத்தான் தெரிந்தவர் என்று கொடுத்திருக்கிறாள், நீங்கள் டீச்சராமே, டீச்சர் என்றால் நல்லது கெட்டது சொல்லித் தரவேண்டாமா என்றாள். சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் கிரேசியின் படம் அவளுக்குத் தெரிந்த எல்லாருக்கும் போகும், படத்தை நாங்கள் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறோம், நீங்களே பார்த்தால் தலை குனிந்துவிடுவீர்கள் என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மரகதம் கத்தரிக்காயைக் கடைக்காரன் தட்டிலேயே திரும்பக் கொட்டினாள். கிரேசி யார் என்று அவளுக்கு மறக்கவில்லை. நர்சிங் வகுப்பில் முதல் வரிசை. எதற்கு வாங்குகிறோம் என்ற கேள்விக்கு, திரும்பி வரக்கூடிய விஷயத்துக்கு என்று டக்கென்று பதில் சொன்ன பெண். சென்னையில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தால் உதவித்தொகை எப்படி வாங்குவது என்று வகுப்பு முடிந்த பிறகு போன் பண்ணிக் கேட்டவள். இந்தப் பெண்ணா என்று மரகதத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிரேசியின் நம்பரை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் அழுத்தினாள். அப்புறம் கோபம் போய்விட்டது, பயம்தான் மிஞ்சியது. படத்தை அனுப்புவேன் என்று மிரட்டப்பட்ட பிள்ளைகள் என்ன செய்துகொள்கிறார்கள் என்று அவளே எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறாள்.

ஆட்டோ பிடித்து ஜங்லிகாட் போனாள். படகெல்லாம் கரையேறிக் கிடந்தது. வியாகுலம் ஒரு கவிழ்த்த படகின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். தூத்துக்குடி பக்கத்து மனுஷர், நாலு வார்த்தைக்கு மேல் பேசிப் பழக்கமில்லை. அவரிடம் எதையும் உடைக்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். சும்மா இந்தப் பக்கம் வந்தேன், கிரேசி இருக்கிறாளா என்று கேட்டாள்.

வியாகுலம் ஊசியை நிறுத்தினார். "உங்களப் பாக்கத்தான மேடம் காலையிலேயே வந்தா. கஞ்சிகூடக் குடிக்கல. மின்னி பேக்குப் போறேன், மேடத்துட்ட ஒண்ணு கேக்கணும்னு சொன்னா. வரலியா?"

வந்தாள், வந்தாள், நான்தான் பஜாருக்குக் கிளம்பிவிட்டேன், வீட்டில் இருப்பாள் என்று மரகதம் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. திரும்பி நடக்கும்போது அவர் பார்வை முதுகில் இருப்பது தெரிந்தது. கடற்கரையில் காற்று நின்றுபோயிருந்தது. ஆட்டோவில் ஏறியதும் சந்திரசேகருக்குப் போன் பண்ணினாள். காலையிலிருந்து வீட்டுக்கு யாரும் வரவில்லை என்றார் அவர்.

காலையிலேயே கிளம்பிய பெண், வந்து சேரவில்லை. மின்னி பே முழுக்கக் கடலை ஒட்டிய ரோடு. மரகதம் ஆட்டோக்காரனை மெதுவாகப் போகச் சொல்லி, தடுப்புச்சுவரை ஒட்டியே பார்த்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சுவருக்குக் கீழே பாறைகளில் யாரோ விட்டுப் போன செருப்பு ஒன்று கிடந்தது, அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள். அது ஆம்பிளைச் செருப்பு. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு செருப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

கிரேசி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். மரகதத்தின் வீட்டுப் படிக்கட்டு தெரிகிற இடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கி, பாறை மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அலை வந்து பாதத்தை நனைத்துவிட்டுப் போனது. அவள் காலை மேலே இழுத்துக்கொள்ளவில்லை. மரகதம் அறுபதைத் தாண்டிய முழங்காலோடு சுவர் ஏறி இறங்கினாள். எதுவும் கேட்காமல் முதலில் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வகுப்பில் இவ்வளவு கேட்டும் ஏன் வாங்கினாய் என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

கிரேசி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெட்கம் இருக்கும் என்று மரகதம் எதிர்பார்த்தாள். இருந்தது குழப்பம்.

"நீங்கதான சொல்லிவிட்டீங்க மேடம்."

மரகதத்துக்குப் புரியவில்லை. கிரேசி போனை எடுத்து உயிர் கொடுத்தாள். உயிர் வந்ததும் அது நிற்காமல் அதிர ஆரம்பித்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மெசேஜ் விழுந்தது. அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு போய், மார்ச் மாதத்து மெசேஜ் ஒன்றை எடுத்துக் காட்டினாள். வணக்கம் என்று ஆரம்பித்தது. வணக்கம், கிரேசி ஜங்லிகாட் வியாகுலம் பொண்ணு நர்சிங். மரகதம் மூலமாக உங்களுக்குக் கடன் தயார். கீழே தொடவும்.

மரகதம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். உலகத்தில் ஒருத்தரும் ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அப்படி எழுதுகிற ஆள் ஒருத்திதான் உண்டு. அது அவள் கைப்பட போனில் பதிந்த பேர், ஒரு எழுத்து மாறாமல் அப்படியே. ஏதோ ஒரு வகுப்பில், எல்லாரும் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சம்மதம் என்று அவள் விரலால் அழுத்தியதில் அது போயிருக்கிறது. அவள் கோடு என்று காட்டிய இடத்துக்கு வெகு முன்னாடியே எல்லாம் போய்விட்டது. அவர்களுக்கு அவள் கடன் தேவைப்படவில்லை. அவள் நம்பர்களும் அவள் பேரும்தான் தேவைப்பட்டிருக்கிறது.

கிரேசி சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னையில் நேர்முகத் தேர்வு, கப்பல் டிக்கெட்டுக்கும் அங்கே தங்குவதற்கும் வேண்டியிருந்தது. உதவித்தொகை வந்ததும் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள், வகுப்பில் சொன்ன மாதிரியே. அது வரத் தாமதமாயிற்று. ஒரே வாரத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். அதைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட இன்னொன்று. வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மரகதம் கேட்டாள்.

"கேக்கணும்னு போனை எடுத்தேன் மேடம். உங்க பேரே அதுல இருக்கப்போ, திரும்பக் கேட்டா உங்களச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடும்னு வெச்சிட்டேன். தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டாங்க. அதுலயும் உங்களத்தான் போட்டேன். இன்னிக்கு உங்க வீட்டுப் படிவரைக்கும் வந்தேன், ஏற முடியல. நீங்களே அனுப்பின ஆளுங்கன்னா, யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

யார்கிட்ட முதலில் சொல்வோம் என்று ஊரெல்லாம் போய்க் கேட்டவள், இந்தப் பெண் சொல்வதற்கு இருந்த ஒரே இடத்தையும் அடைத்து வைத்திருக்கிறாள். அப்பாவின் நினைவு வந்தது. அப்பாவுக்காவது ஐயாவுவுக்குத் தான் போட்ட கையெழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷரை நினைத்து அவளுக்குப் பாவமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதாள். கிரேசிதான் அவள் தோளைத் தொட்டு, எழுந்திருங்க மேடம், தண்ணி ஏறுது என்றாள்.

இருவரும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று வழியில் கிரேசி கெஞ்சினாள். சாயங்காலத்துக்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், நாம் முந்திக்கொள்ளலாம் என்று சொல்லி, மரகதமே வியாகுலத்துக்குப் போன் பண்ணினாள். பொண்ணு பத்திரமாக என் பக்கத்தில் இருக்கிறாள், தப்பு என்னுடையது, ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்றாள். சரி மேடம் என்றார் அவர்.

சைபர் பிரிவில் இருந்த இளம் அதிகாரி பொறுமையானவர். எந்த ஆப், எப்போது, எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். இனி ஒரு பைசா கட்டவேண்டாம், மெசேஜ் எதையும் அழிக்கவேண்டாம் என்று கிரேசியிடம் சொன்னார். பிறகு, இந்தப் பெண்ணின் விவரம் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார். கிரேசி மரகதத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் போன்லேர்ந்து" என்றாள் மரகதம்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மேடம், நீங்கள் எங்கள் ஸ்கூலுக்கு வந்து பாடம் எடுத்திருக்கிறீர்கள் என்றார். புகாரை அவள் பக்கம் நகர்த்தினார். முப்பது வருஷம் யாருக்கும் போடாத கையெழுத்தை, ஒரு கடன்காரப் பெண்ணின் பேருக்குக் கீழே அவள் போட்டாள்.

வியாகுலம் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். தொழிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே பனியன், கையில் வலை நூல் ஒட்டியிருந்தது. கஞ்சி குடிச்சியா என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. படம் போயிருக்குமா, யார் யாருக்குப் போயிருக்கும், மாதா கோயிலில் கிரேசி பாடுகிற குழுவில் யார் முதலில் பார்ப்பார்கள் என்று அந்த மூன்று பேருக்கும் ஒரே நினைப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அதிகாரி கேட்டார். "உங்க போன்ல இந்த மாதிரி இன்னும் எத்தனை பிள்ளைங்க இருக்காங்க மேடம்?"

மரகதம் எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். போனைத் திறந்தாள். பேர்கள் வரிசையாக நின்றன, ஊரோடு, தகப்பனோடு, தொழிலோடு. ஒவ்வொன்றையும் எவ்வளவு ஆசையாகப் பதிந்தாள். மேலேயிருந்தே ஆரம்பிப்போம் என்று முதல் பேரை அழுத்தினாள். அகிலா என்கிற பெண், மணி அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. அடுத்தது அருண்பிரசாத் திக்லிபூர் பாக்குத்தோட்டம். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் பசங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

உனக்கு என் பேரைச் சொல்லி ஏதாவது மெசேஜ் வந்ததா என்று கேட்டாள். அவன் குரலில் அத்தனை சந்தோஷம்.

"வந்துச்சு மேடம், போன வாரம். வாங்கிட்டேன். புது போன் எடுத்துட்டேன், அதுலதான் பேசறேன். எங்க க்ளாஸ்ல நிறையப் பேரு வாங்கியிருக்கோம். தெரிஞ்சவங்க பேரு ஒண்ணு கேட்டான், எல்லாரும் உங்க பேரத்தான் போட்டோம். கேக்காமப் போட்டுட்டோம், தப்பா எடுத்துக்காதீங்க மேடம்."

அவள் பேசுவதற்குள் போன் அதிர்ந்தது. இன்னொரு அழைப்பு காத்திருந்தது, தெரியாத நம்பர்.